இரண்டு பியானோ, ஒரே பிழைப்பு: ஜோடியாக வாசிக்கும் கலைஞர்கள் எப்படி உருவாகிறார்கள்?

கேள்வி இதுதான்: மேற்கத்திய செவ்வியல் இசையில் சில பியானோ கலைஞர்கள் வாழ்நாள் முழுக்க இருவராகச் சேர்ந்தே வாசிக்கிறார்கள். தனியாக வாசித்துப் பேர் வாங்க முடியாதவர்கள் எடுக்கும் வழியா அது? அதற்கென்று தனிப் படிப்பு உண்டா? அதை நம்பிக் காலம் தள்ள முடியுமா?

முதல் கேள்விக்கு இல்லை என்பதுதான் பதில். இரண்டாவதற்கு, கொஞ்சம் உண்டு. மூன்றாவதற்கு, மிகச் சிலரால் முடியும். இனி விரிவாக.

இரட்டையராக வாசிப்பதற்கென்றே யாரும் பியானோ கற்கத் தொடங்குவதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் தனி வாசிப்புக்கான சாதகம்தான் நடக்கும். ஸ்கேல், எட்யூட், பாக், பீத்தோவன், ஷோபான் என்று எல்லோரும் போகிற அதே பாதை. ஜோடி சேர்வது பெரும்பாலும் அதற்குப் பிறகு, இசைக் கல்லூரியின் கடைசி வருடங்களிலோ படிப்பு முடிந்த பின்போதான் நடக்கும்.

இந்தத் துறையில் இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த பெயர் லபெக் சகோதரிகள். கட்யா 1950லும் மரியெல் 1952லும் பிரான்சின் பயோன் நகரில் பிறந்தவர்கள். அம்மா இத்தாலியர், பியானோ ஆசிரியை. பிரெஞ்சுப் பியானோ மேதை மார்கரித் லாங்கிடம் படித்தவர். பிள்ளைகளுக்கு முதல் குருவும் அவர்தான். இருவரும் பாரிஸ் கன்சர்வட்டரியில் சேர்ந்து 1968ல் ஆளுக்கொரு முதல் பரிசோடு வெளியே வந்தார்கள். கவனியுங்கள், ஆளுக்கொரு பரிசு. அதுவரை அவர்கள் இரண்டு தனிக் கலைஞர்கள். அதன் பிறகுதான் ஒன்றாக வாசிக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த அக்கா தங்கைக்கே அந்த முடிவுக்கு வர அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான், பின்னாளில் தன் மனைவியான இவோன் லோரியோவோடு வாசிப்பதற்காக 1943ல் எழுதிய 'விசியோன் த லாமேன்' என்ற இரண்டு பியானோ படைப்பை இந்தப் பெண்கள் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். அதே கன்சர்வட்டரியில் பாடம் நடத்திவந்த மெஸ்ஸியான் அதைக் கேட்டுவிட்டு, ஒலிப்பதிவு செய்யச் சொன்னார். அவர்களின் முதல் இசைத்தட்டு அதுதான். பதினொரு வருடம் கழித்து கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ'வை இரண்டு பியானோவில் பதிவு செய்தார்கள். அது ஐந்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. செவ்வியல் இசைத்தட்டுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை.

நெதர்லாந்தின் யுசன் சகோதரர்கள் கதை இன்னும் நேரடியானது. லூக்காஸ் 1993ல், ஆர்தூர் 1996ல் பிறந்தவர்கள். அப்பா ஆர்க்கெஸ்ட்ராவில் டிம்பனி என்ற முரசு வாசிப்பவர், அம்மா புல்லாங்குழல் ஆசிரியை. சின்ன வயதிலேயே இருவரையும் மரியா ஜுவாவ் பிரெஸ் என்ற போர்த்துகீசியப் பியானோ மேதை தன்னிடம் அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். இதுவரை சேர்ந்தே நடந்தது. அப்புறம் பாருங்கள், அண்ணன் அமெரிக்காவில் மெனகம் பிரெஸ்லரிடமும் மட்ரிட்டில் டிமித்ரி பாஷ்கிரோவிடமும் போனார்; தம்பி ஆம்ஸ்டர்டாமில் யான் வைனிடம் படித்தார். ஜோடியாகப் பேர் வாங்கிய பிறகும் பாடத்துக்கு வேறு வேறு குரு. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஆசிரியரிடம் ஒரே மாதிரி வாசிக்கப் பழகிய இருவர் சேர்ந்தால் ஒரு கலைஞர் இரண்டு மடங்கு சத்தமாக வாசிப்பது போலத்தான் இருக்கும். கேட்பவருக்குச் சுவாரஸ்யம் இரண்டு மனங்கள் உரசுவதில்தான் இருக்கிறது.

துருக்கியின் பெக்கினெல் சகோதரிகள் குஹெரும் சுஹெரும் நிஜமாகவே ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். பாரிஸ், பிராங்பர்ட், பிலடெல்பியாவின் கர்ட்டிஸ், நியூயார்க்கின் ஜூலியார்ட் என்று பெரிய பள்ளிகள் அத்தனையையும் சேர்ந்தே கடந்தார்கள். ஆனால் மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி அமர்ந்து வாசிப்பது அவர்கள் பாணி. ஏன் அப்படி என்று புரிய, ஜோடி வாசிப்பில் உண்மையான கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எகிறிக் கம்பியை அடிக்கிறது. அடித்த அந்த நொடியில்தான் சத்தம் உச்சம். அதன் பின் தேய்ந்துகொண்டே போகும். வயலின்காரர் வில்லை மெல்ல இழுத்து ஸ்வரத்துக்குள் நுழையலாம், தோழர் சற்று முந்தினால் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளலாம். பியானோவில் அதற்கு வழியே இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டிய ஸ்வரம் ஒரு நொடியின் நூறில் நான்கைந்து பங்கு விலகினாலே, பழகிய காதுக்கு அது இரண்டு அடியாகக் கேட்கும். பாடகர்களும் நரம்பு வாத்தியக்காரர்களும் சேர்ந்து வாசிக்கும்போது இந்தச் சின்ன விலகல் கரைந்துவிடும். இரண்டு பியானோ சேரும்போது அப்பட்டமாகத் தெரியும்.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கட்டை கீழே இறங்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தொட அதிக நேரம் எடுக்கும். ஓங்கி அடித்தால் சட்டென்று தொட்டுவிடும். ஆக, ஒருவர் மென்மையாகவும் மற்றவர் பலமாகவும் வாசிக்க வேண்டிய இடத்தில், இருவரும் ஒரே கணத்தில் விரலை இறக்கினால் சத்தம் ஒன்றாக வராது! மென்மையாக வாசிப்பவர் ஒரு இம்மி முன்னதாகத் தொடங்கியாக வேண்டும். இதை யாரும் கணக்குப் போட்டு வாசிப்பதில்லை. மாதக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்தால் உடம்பே அதைக் கற்றுக்கொள்ளும். கண்ணால் பார்த்துச் சேர்வது இதில் ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் விரல் இறங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும், சுத்தியல் தெரியாது. பெக்கினெல் சகோதரிகள் பார்வையை அடியோடு ஒதுக்கிவிட்டுக் காதையும் மூச்சையும் மட்டுமே நம்பியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மற்ற பெரும்பாலானோர் பார்த்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். மேடையில் இரண்டு கிராண்ட் பியானோக்களை வளைவோடு வளைவு பொருந்தும்படி எதிரெதிராக வைப்பார்கள். முதல் பியானோவின் மூடி சபையைப் பார்த்துத் திறந்திருக்கும். இரண்டாவதன் மூடியைக் கழற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் அது சத்தத்தைப் பின்பக்கம் தள்ளிவிடும். ஸ்டெய்ன்வேயின் பெரிய கச்சேரி மாடல் 274 செ.மீ. நீளம். எனவே இரண்டு பேருக்கும் நடுவே மூன்று மீட்டர் போல இடைவெளி. தோழரின் முகமும் தோளும் தெரியும், கை தெரியாது. தொடங்கும் இடத்தில் ஒருவர் மூச்சை இழுப்பார், தலை லேசாக உயரும், இறங்கும்போது இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். எந்த இடத்தில் யார் மூச்சு கொடுப்பது என்பதை ஸ்கோரில், அதாவது இசை எழுதிய தாளில், பென்சிலால் குறித்து வைத்திருப்பார்கள்.

மொட்சார்ட்டின் இரண்டு பியானோ சொனாட்டா, கே. 448 (அவர் படைப்புகளின் பட்டியல் எண்), இதற்கு நல்ல பரீட்சை. 1781ல் தன் மாணவி யோசெஃபா அவுர்ன்ஹாமரோடு சேர்ந்து வாசிப்பதற்காக எழுதியது. எடுத்த எடுப்பிலேயே இரண்டு பியானோவும் ஒரே ஸ்வரங்களைப் பலமாக ஒன்றாக வாசிக்க வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு துணை ஸ்வரம்கூடக் கிடையாது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வாசித்த வரியை மற்றவர் அப்படியே திருப்பி வாசிக்கும் இடங்கள் வரும். பியானோ வேறு, கை வேறு. ஆனாலும் முதலாமவர் எந்த ஸ்வரத்தில் சற்றே சாய்ந்தாரோ, அதில் சாய வேண்டும். அல்லது வேண்டுமென்றே மாற்றிப் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றால் வாசிப்பு செத்துவிடும். (1993ல் கல்லூரி மாணவர்களுக்கு இந்தச் சொனாட்டாவைப் போட்டுக் காட்டி ஒரு சோதனை நடத்தினார்கள். அதிலிருந்துதான் மொட்சார்ட் கேட்டால் அறிவு வளரும் என்ற புரளி கிளம்பியது. இவ்வளவு நல்ல இசைக்கு இப்படி ஒரு விளம்பரம் தேவையே இல்லை.)

ஒரே பியானோவில் நான்கு கை என்பது இன்னொரு உலகம். வலப்பக்கம் அமர்பவர் பிரிமோ, மேல் ஸ்தாயி அவருக்கு. இடப்பக்கம் செகண்டோ, கீழ் ஸ்தாயி. ஸ்வரம் சேர்வது இதில் சற்று எளிது, தோள் உரசும் தூரத்தில்தானே இருக்கிறார்கள். ஆனால் இடநெருக்கடி. முழங்கை இடிக்கும். பிரிமோவின் இடக்கையும் செகண்டோவின் வலக்கையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். ஒருவர் வைத்திருக்கும் கட்டையையே அடுத்த கணம் மற்றவர் அடிக்க வேண்டி வந்தால், முதலாமவர் ஸ்கோரில் எழுதியிருப்பதற்குக் கொஞ்சம் முன்னதாகவே விரலை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதில் எப்போதும் வியப்பாக இருப்பது பெடல்தான். மிதித்தால் விரலை எடுத்த பின்பும் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும். வழக்கமாக அதை மிதிப்பவர் செகண்டோ. ஷூபர்ட் 1828ல், தன் கடைசி வருடத்தில், எழுதிய எஃப் மைனர் ஃபேன்டசியை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே செகண்டோ மெல்ல அலையடிக்கத் தொடங்குகிறார். அதன் மேல் பிரிமோ அந்தப் பிரபலமான மெட்டைத் தயங்கித் தயங்கி எடுக்கிறார். மெட்டு ஒருவர் கையில், அதன் நீளத்தையும் தெளிவையும் தீர்மானிக்கும் பெடல் இன்னொருவர் காலில். செகண்டோ தன் அலைக்கு ஏற்ப மிதித்தால் பிரிமோவின் ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து குழம்பும். ஆகவே தன் கை வாசிப்பதை விட்டுவிட்டு அடுத்தவர் கை வாசிப்பதைக் காதில் வாங்கிக் காலை அசைக்க வேண்டும். வருடக்கணக்கில் தன் சத்தத்தையே கேட்டுப் பழகிய தனிக் கலைஞருக்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை.

ஒத்திகையில் என்ன நடக்கும் என்றால், முதல் வேலை அடுத்தவர் பகுதியையும் கற்பது. இடம் மாற்றி உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். பாதி வேகத்துக்கும் கீழே இறக்கி வாசிப்பார்கள். பதிவு செய்து கேட்பார்கள். பதிவைக் கேட்கும்போதுதான் யார் எப்போதும் முந்துகிறார், யார் எப்போதும் பின்தங்குகிறார் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். சண்டை வருவது பெரும்பாலும் லயத்தை எங்கே நெகிழ்த்துவது என்பதில். தனியாக வாசிப்பவர் தோன்றிய இடத்தில் இழுக்கலாம், நினைத்த இடத்தில் ஓடலாம். ஜோடியில் அந்தச் சுதந்திரத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேசித் தீர்த்தது மேடையில் அப்போதுதான் தோன்றியது போல ஒலிக்கவும் வேண்டும்.

இதற்கான தனிப் படிப்பு என்று பார்த்தால் இடங்கள் குறைவு. பெரும்பாலான கல்லூரிகளில் இது, சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் அறை இசை வகுப்பின் ஒரு மூலையில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் ரோஸ்டாக் இசைக் கல்லூரியில் பியானோ ஜோடிகளுக்கென்றே பாடத்திட்டம் உண்டு. தாங்களே இரட்டையராக வாசித்துப் பேர் பெற்ற ஸ்டென்ஸ்ல் சகோதரர்கள் அங்கே கற்பித்தார்கள். சால்ஸ்பர்க்கின் மொட்சார்ட்டியத்திலும் இந்தத் துறை இருக்கிறது. போட்டிகள் என்றால் மியாமியில் 1987ல் தொடங்கிய மரே டிரானாஃப் போட்டி இதற்கென்றே ஏற்பட்டது. மியூனிக்கின் ஏஆர்டி போட்டியில் சில வருடங்களுக்கு ஒருமுறை பியானோ ஜோடிப் பிரிவு வரும். 2021ல் பிரான்சின் கெய்ஸ்டர் டுவோ முதல் பரிசு வாங்கியது.

தனியாக ஜெயிக்காதவர்கள் எடுக்கும் வழியா என்ற கேள்விக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1984ல் இங்கிலாந்தின் ஆல்டுபரோவில் சேர்ந்து வாசித்த ராடு லுப்புவும் மரே பெராயாவும் லீட்ஸ் பியானோ போட்டியில் முறையே 1969லும் 1972லும் முதல் பரிசு வாங்கியவர்கள். மார்த்தா ஆர்கெரிச் 1965ல் வார்சா ஷோபான் போட்டியில் வென்றவர். அவர் பியானோ கலைஞர் நெல்சன் ஃப்ரெய்ரேயோடு ஜோடி சேர்ந்தது இளமைக்கால வியன்னாவில் தொடங்கிய நட்பின் நீட்சி. ராக்மனினாஃப் தன் 'சிம்பானிக் டான்சஸ்' படைப்பின் இரண்டு பியானோ வடிவத்தை 1942ல் ஒரு தனி விருந்தில் ஹோரோவிட்ஸோடு சேர்ந்து வாசித்தார். இவர்கள் யாருக்கும் தோழர் இல்லாமல் கச்சேரி கிடைக்காது என்ற நிலை இல்லை. ஆனால் இவர்கள் ஜோடித் தொழில் நடத்தியவர்களும் இல்லை. எப்போதாவது சந்தித்து வாசித்த நண்பர்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முழுநேர ஜோடி என்பது வேறு. அதற்கு ஒரே ஊரில், முடிந்தால் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அன்றாடம் ஒத்திகை பார்க்க வேண்டும், இருவர் காலண்டரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்தத் துறையில் திரும்பிய பக்கமெல்லாம் உடன்பிறந்தவர்களும் தம்பதிகளும். வீத்யா விரோன்ஸ்கியும் விக்டர் பாபினும் பெர்லினில் பியானோ மேதை ஷ்னாபலிடம் படிக்கும்போது சந்தித்து, 1933ல் கல்யாணம் செய்துகொண்டு, 1937ல் அமெரிக்கா போய்ப் பெரும் புகழ் பெற்றார்கள். பார்டோக் தன் மனைவியும் முன்னாள் மாணவியுமான டிட்டாவோடு வாசிக்க இரண்டு பியானோவுக்கும் தாள வாத்தியங்களுக்குமான சொனாட்டாவை எழுதி 1938ல் பாசல் நகரில் அரங்கேற்றினார். ஸ்ட்ராவின்ஸ்கி மகன் சுலிமாவோடு வாசிப்பதற்காக 1935ல், வழக்கமாக ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் கன்செர்ட்டோ வகையில், இரண்டு பியானோ மட்டுமே போதும் என்ற ஒன்றை எழுதினார். ஆர்க்கெஸ்ட்ரா இல்லாத ஊர்களிலும் கச்சேரி செய்யலாம் என்பது அதில் ஒரு கணக்கு. இசையமைப்பாளர்களும் வருமானத்தை யோசிப்பவர்கள்தான்.

வருமானம் என்று வந்தால் கணக்கு கறாரானது. கச்சேரி ஒன்று, சம்பளத்தைப் பங்கு போட ஆள் இரண்டு. பயணச்செலவும் தங்கும் செலவும் இரட்டிப்பு. அரங்கத்தில் ஒத்த தரத்தில் இரண்டு கிராண்ட் பியானோ வேண்டும், இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்த ட்யூன் செய்ய ஆள் வேண்டும். பெரிய அரங்கங்களை விட்டால் இது எளிதில் அமையாது. பல ஜோடிகள் நான்கு கை நிகழ்ச்சியையும் தயாராக வைத்திருப்பதற்கு இதுவும் காரணம். ஒருவருக்குக் கையில் வலி வந்தால் இருவர் பிழைப்பும் நிற்கும். ஆகவே பெரும்பாலானோருக்கு நிலையான சம்பளம் கற்பிப்பதில்தான். அத்தனை புகழ் பெற்ற பாபினே 1961 முதல் 1972ல் இறக்கும் வரை கிளீவ்லாந்து இசைக் கல்லூரியின் இயக்குநராக இருந்தார்.

அடுத்த தடை, வாசிக்கப் படைப்புகள் போதாது. ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்க என்றால் பாக், மொட்சார்ட்டின் கே. 365, மெண்டல்சன் சிறுவயதில் எழுதிய இரண்டு, 1932ல் வந்த பூலாங்கின் கன்செர்ட்டோ, இன்னும் சில. ஒரு தனிக் கலைஞரின் பட்டியலோடு வைத்தால் இது ஒரு கைப்பிடி. எனவே நிலைத்து நிற்கும் ஜோடிகள் புதிதாக எழுத வைக்கிறார்கள், அல்லது தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். லபெக் சகோதரிகளுக்காக ஃபிலிப் கிளாஸ் எழுதிய இரட்டைக் கன்செர்ட்டோ 2015ல் லாஸ் ஏஞ்சலீஸில் அரங்கேறியது. ஜூலியார்டில் மாணவர்களாகச் சந்தித்து 2002ல் ஜோடி சேர்ந்த கிரெக் ஆண்டர்சனும் எலிசபெத் ஜாய் ரோவும் தங்கள் வாசிப்புக்கான வடிவங்களைத் தாங்களே எழுதி, இசைக் காணொளிகளும் எடுத்து வெளியிட்டு, இணையம் வழியாகத் தங்களுக்கென ஒரு சபையைச் சேர்த்தார்கள்.

பிழைப்புக்காகவே ஜோடி சேர்ந்த கதையும் உண்டு. நாஜிகள் பிடித்துவைத்திருந்த வார்சாவில் போலந்து இசையமைப்பாளர்கள் லூட்டோஸ்லாவ்ஸ்கியும் பனுஃப்னிக்கும் கஃபேக்களில் இரண்டு பியானோ வாசித்து வயிறு கழுவினார்கள். அதற்காக அவர்கள் இரண்டு பியானோவுக்கு மாற்றி எழுதிக் குவித்த இருநூறு போன்ற வடிவங்களில், நாஜிகளுக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியின் அழிவில் தப்பியது ஒன்றே ஒன்று: 1941ல் லூட்டோஸ்லாவ்ஸ்கி எழுதிய பகனினி வேரியேஷன்ஸ். இன்று அதை வாசிக்காத பியானோ ஜோடி கிடையாது.

ஜோடி என்பதற்காகத் தன் வழியை அடியோடு விட வேண்டியதும் இல்லை. கட்யா லபெக் 1980களின் தொடக்கத்தில் ஜான் மெக்லாஃப்லின் குழுவில் ஜாஸ் பக்கம் போய் வாசித்தார். ஆம், இந்தியக் கலைஞர்களோடு சக்தி குழுவில் கிட்டார் வாசித்த அதே மெக்லாஃப்லின்தான். மரியெலுக்கு அந்த உலகத்தில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. ஜோடி உடையவில்லை.

கேட்டுப் பார்க்க விரும்பினால் லுப்பு–பெராயா ஒலிப்பதிவில் தொடங்குங்கள். மேலே சொன்ன மொட்சார்ட் சொனாட்டாவும் ஷூபர்ட் ஃபேன்டசியும் அதில் இருக்கின்றன. அதன் பின் ஆர்கெரிச்சும் ஃப்ரெய்ரேயும் வாசித்த பகனினி வேரியேஷன்ஸ். இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலாவதில் எந்தக் கை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதில் இருவரும் ஒருவரை ஒருவர் துரத்துவது பளிச்சென்று கேட்கும்.